முத்திரை குத்திய பூனை

இந்த அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நேரில் பார்த்தவர்களிடம் கேட்டு, கேட்டதில் பாதியைக் குறைத்து, குறைத்த பிறகும் சரிபார்த்து எழுதியது. எங்கேயாவது நம்ப முடியவில்லை என்றால் அது படிக்கிறவரின் மனக்கோளாறே தவிர கதையின் கோளாறு அல்ல. சத்தியம், சத்தியம், சத்தியம்.

துப்பறிவாளரை ஊரில் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவரிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. மூக்கின் மேல் இருந்த சோடாபுட்டிக் கண்ணாடியே அந்த வேலையைப் பார்த்தது. வெயிலில் நின்றபடி அவர் எதையும் அதிக நேரம் உற்றுப் பார்க்கக் கூடாது, புகைய ஆரம்பித்துவிடும். அவருடைய உதவியாளர் வேறு யாரும் இல்லை, அவரைக் கட்டிக்கொண்ட கணவர்தான். யார் பேசி முடிக்கப் போனாலும் நடுவில் நுழைந்துவிடும் பழக்கம் இருந்ததால் அவருக்குக் கமா என்று பெயர். கமா வேலை நேரத்தில் மனைவியை ‘மேடம்’ என்பார், மற்ற நேரத்தில் ‘ஏம்மா’ என்பார். மனைவிக்கு எல்லா நேரத்திலும் அவர் ‘என்னங்க’தான்.

அன்று காலை இருவரும் பொது நூலகத்தில் நின்றார்கள். கமாவுக்கு நூலகத்துக்குள் நுழைந்தாலே கொட்டாவி வரும். அன்று வரவில்லை. தரையில் அறையின் நீளத்துக்கு யாரோ சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். அலமாரிகளுக்கு அடியில் புகுந்து, வாசகர் மேஜையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தக் கோடு சுவர் வரை போயிற்று. பிணம் விழுந்த இடத்தில் போடுகிற கோடு மாதிரி இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய பிணம் எங்கேயும் விழுந்ததாகக் கேள்வி இல்லை.

“பார்சல் கிடங்குக்காரங்க அளந்துட்டுப் போனாங்க” என்றார் நூலகர், கமாவின் காதுக்குள்.

நூலகருக்கு அமைதி மேடம் என்று பெயர். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குக் குரல் என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. ஒருமுறை பக்கத்துக் கடையில் தீப்பிடித்தபோது அவர் ஒவ்வொரு வாசகராகப் போய் ஒவ்வொருவர் காதிலும் ‘தீ’ என்று கிசுகிசுத்தார். யாரும் பதறவில்லை. படித்த பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வரிசையாக வெளியே போனார்கள்.

“விஷயத்தைச் சொல்லுங்க” என்றார் பூதக்கண்ணாடி.

“பெட்டியைக் காணோம் மேடம்.”

“எந்தப் பெட்டி?”

“வைஃபை பெட்டி. நூலகங்களுக்கு இன்டர்நெட் போட்டுக் குடுக்கிற மானியத்துல வந்துச்சு. இந்தக் கம்ப்யூட்டர் எல்லாமும் அதுலதான் வந்துச்சு.” சுவரோரம் வரிசையாக நின்ற கம்ப்யூட்டர்களைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் பூப்போட்ட துணி உறை, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்கள் மாதிரி. “பெட்டிக்குள்ளேயே சிம் இருக்கு. எங்க செருகினாலும் நெட் வரும். இன்னைக்கு மத்தியானம் மானிய அதிகாரி வர்றார். நெட் ஓடலைன்னா எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னா நூலகம் எதுக்குன்னு கேட்டு, கட்டடத்தைக் கிடங்குக்குக் குடுத்திடுவாங்க. கோடு கூடப் போட்டாச்சே.”

“பெட்டி எப்ப காணாமப் போச்சு?”

“தெரியலையே. யாராவது வந்து நெட் வேணும்னு கேட்டாத்தானே தெரியும்? கொஞ்ச நாளா யாருமே வரலை. இன்னைக்குக் காலையில துடைச்சு வைக்கலாம்னு போனா, இல்லை.”

“பூட்டு உடைஞ்சிருக்கா?”

“இல்லை.”

“ஜன்னல்?”

“கம்பி அப்படியே இருக்கு.”

“அப்ப உள்ளூர் ஆள்தான் மேடம்” என்று கமா நுழைந்தார். “வெளியூர்த் திருடனா இருந்தா எதையாவது உடைச்சு மரியாதை பண்ணிட்டுத்தான் போவான்.”

பூதக்கண்ணாடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “பெட்டியை எங்க வச்சிருந்தீங்க?”

“அதுக்குரிய இடத்துலதான்.”

“அது எந்த இடம்?”

அமைதி மேடம் அவர்களை அலமாரிகளுக்கு நடுவே அழைத்துப் போனார். தொழில்நுட்பப் பிரிவு, தகவல் தொடர்பு. தந்தி அனுப்பும் முறை பற்றிய தடித்த புத்தகத்துக்கும் வானொலிப் பழுது பார்ப்பது எப்படி என்ற மெலிந்த புத்தகத்துக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி. அதன் பின்னால் ஒயர் வருவதற்கு ஒரு ஓட்டை.

கமா கண்ணைக் கசக்கிக்கொண்டார். “பெட்டியைப் புத்தக அலமாரியிலயா வச்சீங்க?”

“நூலகத்துக்குள்ள வர்ற எந்தப் பொருளுக்கும் நம்பர் ஒட்டி, பிரிவு பார்த்து அலமாரியில வைக்கணும் சார். விதி.”

“கம்ப்யூட்டரெல்லாம் மேஜையில இருக்கே?”

“அலமாரியில நுழையலை. நான் முயற்சி பண்ணினேன்.”

பூதக்கண்ணாடி இடைவெளியில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் வெள்ளை முடி. கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“மனுஷ முடி இல்லை” என்றார்.

“நம்ம துணை நூலகரோட முடி” என்று கிசுகிசுத்தார் அமைதி மேடம். “பூனை. பெட்டி எப்பவும் கதகதன்னு இருக்கும். அதுமேலதான் தூங்குவார்.”

“பெட்டி போன பிறகு எங்க தூங்கறார்?”

அமைதி மேடம் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். “சாப்பாட்டுக்கு வர்றார். தூங்க வர்றதில்லை.”

“சாப்பாடு இங்க, படுக்கை வெளிய” என்றார் கமா. “எங்க தாத்தாவும் அப்படித்தான். கடைசியில பெரிய குடும்பச் சண்டை ஆயிடுச்சு.”

சொல்லி வைத்த மாதிரி அந்த நேரம் பார்த்துத் துணை நூலகர் ஜன்னல் கம்பி வழியாக வந்து குதித்தார். வெள்ளைப் பூனை, சாப்பிட்ட உடம்பு. யாரையும் சட்டை செய்யாமல் மேஜைக்கு அடியில் இருந்த பால் தட்டுக்குப் போய்விட்டார். பூதக்கண்ணாடி குனிந்தார். இன்னும் குனிந்தார். பூனையின் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணாடி நின்றது.

“என்னங்க, இங்க வாங்க. பூனை முதுகுல இருக்கிறதைப் படிங்க.”

“பூனை முதுகுல படிக்கிறதுக்கு என்ன...” என்று ஆரம்பித்த கமா அதோடு நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் தன்னைத் தானே இடைமறித்துக்கொண்டது அந்த ஒரு முறைதான். வெள்ளை முடிக்கு நடுவே ஊதா மை. லேசாகக் கலைந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. ‘திருப்பித் தர வேண்டிய நாள்’ என்று இருந்தது, கீழே எப்போதோ போய்விட்ட ஒரு தேதி.

“மேடம்” என்றார் கமா, “துணை நூலகரை யாரோ இரவல் எடுத்திருக்காங்க.”

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். “பூனையை இல்லைங்க. பூனை எது மேல படுத்திருந்துச்சோ அதை. அமைதி மேடம், சீல் குத்தும்போது எதுல குத்தறோம்னு பார்க்க மாட்டீங்களா?”

அமைதி மேடத்தின் முகம் சிவந்தது. “பார்க்க மாட்டேன். ஒருத்தர் என்ன படிக்கறாங்கன்னு பார்க்கிறது அநாகரிகம். சீலைக் கையில எடுத்தேன்னா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்குவேன். அவங்க வைப்பாங்க, நான் குத்துவேன். எடுத்த நம்பரை அவங்களே பதிவேட்டுல எழுதிக்குவாங்க.”

இது ஊருக்கே தெரிந்த விஷயம். முன்பொரு முறை ஒரு வாசகர் மேஜையில் கை ஊன்றி நின்றபோது முத்திரை அவர் புறங்கையில் விழுந்தது. அவர் நாணயமான மனிதர். குறித்த நாளில் கையோடு வந்து நின்றார்.

“அப்ப திருட்டே இல்லை” என்றார் பூதக்கண்ணாடி. “அலமாரியில இருந்துச்சு, நம்பர் ஒட்டியிருந்துச்சு, ஒரு உறுப்பினர் முறைப்படி எடுத்துட்டுப் போயிருக்கார்.”

“பதிவேட்டைப் புரட்டினா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்” என்று கமா கையை நீட்டினார்.

அமைதி மேடம் பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். “மாட்டேன் சார். யார் எதை எடுத்தாங்கங்கிறதை நான் இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்லை. போலீஸ் கேட்டப்பவே காட்டலை.”

“நூலகத்தையே மூடப்போறாங்க அம்மா!”

“மூடட்டும். மூடற வரைக்கும் இது நூலகம்.”

கமாவுக்கு எரிச்சலாக வந்தது. நீட்டிய கையை மடக்கவில்லை. பூதக்கண்ணாடி மட்டும் தலையாட்டினார். “வேண்டாம்ங்க. விடுங்க. பாலைக் குடிச்சு முடிச்சதும் துணை நூலகர் எங்க போறாரோ அங்க நாமளும் போவோம். தூங்கற இடம் அவருக்குத் தெரியும்.”

பூனையைப் பின்தொடர்வது லேசான காரியம் இல்லை. மனிதனைப் பின்தொடர்ந்தால் அவன் தெருவில் போவான். துணை நூலகர் குளிர்பானக் கடையின் கூரை மேல் போனார், துணி வெளுக்கிற கடையின் கொடிக்கயிற்றில் இரண்டு கால் வைத்துப் போனார், மதில் மேல் உட்கார்ந்து முகம் துடைத்தார். கீழே இருவரும் சாக்கடையைத் தாண்டியும் சந்தில் நுழைந்தும் மூச்சு வாங்கினார்கள்.

“மேடம், சந்தேகத்துக்குரிய நபர் சுவர் ஏறிட்டார். நம்ம அலவன்ஸ்ல சுவர் ஏறுறது சேருமா?”

“பேசாம வாங்க. அந்தப் பஸ் நிறுத்தத்தைப் பாருங்க.”

கமா பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்தான். வழக்கமான கூட்டம். ஆனால் எதுவோ சரியில்லை. பிறகுதான் உறைத்தது. நின்ற ஆண்கள் அத்தனை பேருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. தினமும் நூலகத்தில் செய்தித்தாளை விரித்து இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்கரின் தலையும் அதில் இருந்தது, சவரம் செய்த கன்னம் போல.

“ராணுவத்துல சேரப் போறாங்களா என்ன?” என்றார் கமா.

“அந்த வயசுல சேர்த்துக்க மாட்டாங்க. நூலகத்துக்கு வந்துக்கிட்டிருந்தவங்கதான் எல்லாரும். கவனிச்சீங்களா?”

எதிரே ஒரு தாய் தன் மகனை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தார். பையனின் தலை முட்டை மாதிரி பளபளத்தது.

“எங்கம்மா இவ்வளவு அவசரமா?” என்று கமா கேட்டார்.

“பையனுக்கு முடி வெட்டணும் அண்ணே.”

“எந்த முடியை?”

“வளரும்ல! வளர்ந்ததும் வெட்டிக்கலாம். முதல்ல போய் இடம் பிடிக்கணும். நகருங்க!”

அம்மாவும் மகனும் திருப்பத்தில் மறைந்தார்கள். துணை நூலகரும் அதே திருப்பத்தில்தான் குதித்தார். அந்த நேரம் ஒரு மூடுவண்டி அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். பக்கத்து இருக்கையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“பொது நூலகத்துக்கு எப்படி போகணும்?”

கமாவின் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும். செய்தால் கண நேரத்தில் செய்யும். “நேரா போங்க. பால்பண்ணை வரும், தாண்டிடுங்க. ரயில் கேட் வரும். மூடியிருந்தா திறக்கிற வரைக்கும் நில்லுங்க, திறந்திருந்தா சந்தேகப்பட்டுத் திரும்பிடுங்க. அப்புறம் செங்கல் சூளை. அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

வண்டி நன்றி சொல்லிக் கிளம்பியது. பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே சுருட்டி வைத்த கயிறும் பழைய போர்வைகளும் மட்டும் கிடந்தன. பூதக்கண்ணாடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றின் ஒரு பிரி லேசாகப் புகைந்தது.

“என்ன மேடம்? என் சாமர்த்தியத்தைப் பார்த்து மலைச்சுட்டீங்களா?”

“ஒண்ணும் இல்லைங்க.” கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். தேவைக்கு அதிக நேரம் துடைத்தார். “வாங்க. பூனையை விட்டுடப் போறோம்.”

பூனை போய்ச் சேர்ந்த இடம் ஒரு சலூன்.

சின்னச் சலூன்தான். சுழல் நாற்காலி ஒன்று, காத்திருப்பதற்கு ஒரு நீள பெஞ்சு. ஆனால் உள்ளே நிற்க இடம் இல்லை. எல்லார் கழுத்திலும் வெள்ளைத் துணி, எல்லார் கையிலும் ஃபோன். மூலையில் ஒரு அம்மா ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூர தேசத்தில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பின்னால் சலூன் தெரியாமல் இருக்கக் காலண்டரைத் திருப்பி மாட்டி, ஏதோ கம்பெனிக்கு நேர்காணல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் அரசாங்கத்தில் எதற்கோ விண்ணப்பித்தார். சலூன்காரர் ஒவ்வொரு தலையிலும் ஒரே ஒரு முடியைத் தேடி எடுத்து வெட்டிவிட்டு அடுத்த தலைக்குப் போனார். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்கும் வாசனைத் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே, பச்சை விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டி. அதன் மேல் துணை நூலகர் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியாகிவிட்டது.

“கையும் களவுமா!” என்று கமா உறுமினார்.

சலூன்காரர் கத்தரியோடு திரும்பினார். “என்ன களவு அண்ணே? கார்டு இருக்கு. பாருங்க. சீல் இருக்கு. அதையும் பாருங்க.” பூனையைச் சற்றே நகர்த்தினார். பெட்டியின் முதுகிலும் அதே ஊதா மை, அதே தேதி. “முடிவெட்டுறதைப் பத்திப் புதுசா புத்தகம் வந்திருக்கான்னு தேடிப் போனேன் அக்கா. இது அலமாரியில நம்பரோட இருந்துச்சு. இதையும் எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டேன். ‘இங்க இருக்கிறது எல்லாமே மக்களுக்குத்தான்’னு சொல்லி ஜன்னலைப் பார்த்துக்கிட்டே ரெண்டு சீல் குத்தினாங்க. ஒண்ணு பெட்டி மேல, இன்னொண்ணு இவர் மேல. நான் என்ன பண்ண? ரெண்டையும் தூக்கிட்டு வந்தேன்.”

“அப்புறம் ஊரே வந்துடுச்சு.”

“வந்தவங்களைப் போகச் சொல்ல முடியுமா? துணி போர்த்தினவங்களுக்குத்தான் இடம்னு ஒரு விதி வச்சேன். அதையும் கேட்டு வர்றாங்க. இனிமே வெட்ட இந்த ஊர்ல முடி இல்லை அக்கா.”

பூதக்கண்ணாடி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “இதே பெட்டி நூலகத்துல இருந்தப்ப ஏன் இந்தக் கூட்டம் வரலை?”

நேர்காணல் பெண்தான் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். “அங்க பேசக் கூடாதே மேடம். நெட்ல பாதி விஷயம் பேசறதுதான். ஒருநாள் கம்பெனிக்காரங்க ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னாங்க. நான் கிசுகிசுத்தேன். ‘நீங்க ஏதாவது ஆபத்துல இருக்கீங்களா?’ன்னு கேட்டாங்க. இன்னைக்கு மத்தியானம் இன்னொரு கம்பெனி.”

பூதக்கண்ணாடி விஷயத்தை உடைத்துச் சொன்னார். மத்தியானம் அதிகாரி வருவது, நெட் இல்லையென்றால் நூலகமே போவது, எல்லாம். சலூன்காரர் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார். ஆள் நிரம்பிய தன் கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

“எடுத்ததைத் திருப்பிக் குடுக்கிறதுதானே முறை?” என்று சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினார்.

பச்சை விளக்கு அணைந்ததும் சலூன் முழுவதும் ‘ஐயோ’ என்றது. “ஐயோங்கறதை நடந்துக்கிட்டே சொல்லுங்க!” என்றார் கமா. “எல்லாரும் நூலகத்துக்கு வாங்க! துணியைக் கழட்ட வேண்டாம், நேரம் ஆகுது!”

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் சலூன்காரர், கையில் பெட்டி, பெட்டி மேல் பூனை. பின்னால் கழுத்தில் வெள்ளைத் துணி பறக்கப் பறக்கப் பளபளக்கும் தலைகள். பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருவர். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களும் பஸ்ஸை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். கமாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ‘இந்த கேஸைப் பற்றி நாலு பேரிடம் சொல்லலாம்’ என்று நினைத்தார்.

நூலக வாசலில் வண்டி எதுவும் இல்லை. செங்கல் சூளை தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

அமைதி மேடம் எழுந்து நின்றார். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அந்த வாசலில் நுழைந்து அவர் பார்த்ததில்லை. பெட்டியை வாங்கி, பழக்கதோஷத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, திரும்பி வந்ததற்கான முத்திரையைக் குத்தினார். இம்முறை பூனை விலகிக்கொண்டது. ஒயரைச் செருகினார்கள். பூப்போட்ட உறைகள் பறந்தன. திரைகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. நாற்காலிகள் நிரம்பி, ஜன்னல் திட்டு நிரம்பி, சாக்கட்டிக் கோட்டின் மேலும் ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. தலைக்கு மேல் பலகை இருந்தது.

அமைதி மேடம் பலகையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

“பேசுங்க!” என்றார்.

அத்தனை வருடச் சேமிப்பும் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்தது. வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்தன. தொழில்நுட்பப் பிரிவில் தந்திப் புத்தகம் விழுந்தது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மூலையில் அம்மா மகளிடம் சிரித்தார். நேர்காணல் பெண் முதுகை நிமிர்த்தி, “என்னைப் பத்திச் சொல்லணும்னா...” என்று ஆரம்பித்தாள்.

வண்டி வந்து நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

மானிய அதிகாரி உள்ளே வந்தபோது அவர் சட்டை முழுக்கச் செங்கல் தூசி. “எந்தப் புண்ணியவானோ வழி சொன்னான்” என்றார் பொதுவாக. கமா தூணுக்குப் பின்னால் போனார்.

“வாங்க சார்!” என்றார் அமைதி மேடம், அதே பெரிய குரலில். “பாருங்க சார்! நெட் ஓடுது! ஆள் நிறைஞ்சிருக்கு!”

அதிகாரி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். “ரொம்ப சந்தோஷம்மா. ஆனா நான் பார்க்க வரலை. எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கேன்.”

“எதுக்கு? ஓடுதே?”

“மானியம் தொடரணுமா வேண்டாமான்னு கேட்டு மெயில் போட்டோம். நினைவூட்டி மறுபடி போட்டோம். பதில் வரலை. பதில் வரலைன்னா தேவை இல்லைன்னு அர்த்தம். விதி.”

“பெட்டி இங்க இல்லை சார்! நெட் இல்லாம மெயிலை எப்படிப் பார்க்கிறது?”

“நெட் இல்லைங்கிறதை ஒரு மெயில் போட்டுச் சொல்லியிருந்தீங்கன்னா கவனிச்சிருப்போம்.”

கமாவால் தூணுக்குப் பின்னால் இருக்க முடியவில்லை. “சார், மேல ஒரு மனு போட வழி இல்லையா?”

“தாராளமா போடலாம். ஆன்லைன்ல. நூலகத்தோட சொந்த நெட்டுலேருந்து போடணும்.”

“அப்ப அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போங்க!”

அதிகாரி வருத்தத்தோடு திரும்பிப் பார்த்தார். வண்டியோடு வந்த சுமை ஏற்றுகிறவர் பெட்டியை ஏற்கெனவே பிடுங்கிக் கக்கத்தில் வைத்திருந்தார். திரைகளில் சின்ன வட்டங்கள் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தன. நேர்காணல் பெண் எதையோ சொல்லும் நடுவில் வாய் திறந்தபடி நின்றுபோனாள். அந்தச் சொல் என்னவென்று கம்பெனிக்குத் தெரியாது. பிறகு யார் கேட்டும் அவள் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர்கள் போர்வை சுற்றிக்கொண்டு வெளியே போயின. கயிறு கட்டினார்கள். பெட்டி மேல் ஏறிப் படுத்த பூனையைச் சுமை ஏற்றுகிறவர் தூக்கி இறக்கப் பார்த்தார். முதுகு கண்ணில் பட்டது. பெட்டியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார்.

“சார், ரெண்டுலயும் ஒரே சீல், ஒரே தேதி.”

“அப்ப ஒரே செட்டுதான்” என்றார் அதிகாரி. “ஏத்துங்க.”

“அவர் மானியத்துல வரலை” என்றார் அமைதி மேடம். குரல் மறுபடி கிசுகிசுப்பாகியிருந்தது. யார் காதிலும் விழவில்லை. வண்டி போயிற்று.

ஆட்கள் கழுத்துத் துணிகளை அவிழ்த்து மடித்துச் சலூன்காரரிடம் கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். அவர் மடியில் துணிமலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் தலையிலும் வெட்ட எதுவும் இல்லை. வளர்ந்து வருகிற வரைக்கும் கடைக்கு யாரும் வரப்போவதும் இல்லை. உள்ளே அமைதி மேடம் நாற்காலியில் ஏறிப் பலகையை மறுபடி நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் கமா யார் பேச்சிலும் நுழையவில்லை. அதுவே ஒரு செய்தி.

“ஏம்மா” என்றார் கடைசியில். “நான் அவங்களைச் சூளைக்கு அனுப்பாம இருந்திருந்தா...”

“அப்பவும் இதேதாங்க. வண்டிக்குள்ள கயிறும் போர்வையும் கிடந்துச்சு, பார்த்தீங்களா? பார்த்துட்டுப் போக வர்றவங்க கயிறு கொண்டு வர மாட்டாங்க.”

கமா தெருவிலேயே நின்றுவிட்டார். “அப்பவே தெரிஞ்சுடுச்சா? தெரிஞ்சும் என்னைச் சந்து சந்தா ஓட விட்டியா? அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்தது எதுக்கு?”

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது, கணவரின் முகம்கூட. “அந்தம்மா நூலகத்தை ஒரு தடவையாவது நிறைஞ்சு பார்க்கட்டும்னுதாங்க” என்றார்.

மறுவாரம் பார்சல்கள் வந்து இறங்கின. கோடு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஒரு விரற்கடைகூட வீணாகவில்லை.

அந்த நூலகத்துக்குக் கட்டிய நாளிலிருந்து மூடிய நாள் வரை மின்சார இணைப்பே கொடுக்கப்படவில்லை. இதையும் சரிபார்த்துத்தான் எழுதியது, சத்தியம்.